எங்கள் உருமி மேள ஆல்பம் டெலிகிராமில் இலவசமாக ஓடுகிறது: விட்டுவிடுவதா, தடுப்பதா?

உருமி_சிப்புட் எழுதியது:

வணக்கம். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் ஓர் உருமி மேளக் குழுவில் உருமி வாசிக்கிறேன். குழுவின் பெயரில் தோட்டம் இருக்கிறதே தவிர, கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்து, எங்கள் குடும்பங்கள் எல்லாம் தோட்டத்து லயத்தை விட்டு டவுன் பக்கத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து வெகு காலமாகிவிட்டது. இந்த வருடம் தைப்பூசத்துக்கு முன்னால் முதல் முறையாக ஒரு ஆல்பம் செய்தோம். எட்டுப் பாட்டு. ஈப்போவில் ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங், அட்டைப்படம் எல்லாம் சேர்த்து மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆனது. எல்லோரும் கைக்காசு போட்டோம், தவில் வாசிக்கும் தம்பி மோட்டார் சைக்கிள் தவணைக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான்.

ரெக்கார்டிங் லேசில் முடியவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தே பழகியவர்கள், அங்கே தனித்தனியாக வாசிக்கச் சொன்னார்கள். உருமியின் இடது பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுக்கும்போது வருகிற முனகலை ஸ்டுடியோக்காரர் முதலில் இரைச்சல் என்று நினைத்துக் குறைத்துவிட்டார், அப்புறம் நேரில் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டித்தான் அதற்கென்று தனி மைக் வைத்தார். அப்படிப் பாடுபட்டு எடுத்த சத்தம்.

பென்டிரைவில் போட்டு 15 வெள்ளிக்கு விற்கத் தொடங்கினோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, யாரோ மொத்தத்தையும் ஒரு டெலிகிராம் சேனலில் ஏற்றிவிட்டார்கள். கோப்புகளைச் சின்னதாகச் சுருக்கி ஏற்றியதால் தவிலின் தொப்பிப் பக்கச் சத்தமும் உருமியின் இழுப்பும் ஒன்றோடொன்று கலங்கிக் கிடக்கின்றன, ஜால்ரா கரைந்தே போய்விட்டது. பெயரும் இல்லை. ‘தைப்பூசம் உருமி புதுசு 07’ என்றுதான் இருக்கிறது. அங்கிருந்து அது வாட்ஸ்அப் குரூப்புகளுக்குப் போய், இப்போது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு கடையில் நூற்றுக்கணக்கான பாட்டுகளோடு சேர்த்துப் பென்டிரைவில் விற்கிறார்கள்.

ஏற்றியவர் யார் என்று தெரியும், எங்கள் ஊர்ப் பையன்தான். கேட்டால், “அண்ணே, உங்களுக்கு நான் இலவச விளம்பரம் செய்திருக்கிறேன், நன்றி சொல்லுங்கள்” என்கிறான். குழுவிலேயே பாதிப் பேர் அவன் சொல்வது சரி என்கிறார்கள், பாட்டு பரவினால் புக்கிங் வரும் என்கிறார்கள். மற்றப் பாதி, போட்ட காசை யார் தருவது என்று கேட்கிறது. இதை விட்டுவிடுவதா? தடுக்க வேண்டுமென்றால் வழி இருக்கிறதா? அடுத்த ஆல்பத்தை நாங்களே முதலிலிருந்து இலவசமாக விட்டுவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் மனதில் பட்டதை எழுதுங்கள்.

---

பழைய_கேசட் எழுதியது:

தம்பி, எண்பதுகளிலிருந்து தொண்ணூறுகள் கடைசிவரை சிப்புட்டில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தவன் நான். சம்பள நாள் சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் கடையில் நிற்க இடமில்லாமல் நிறைந்திருப்பார்கள். நோட்டுப் புத்தகத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள், காலி கேசட் வாங்கித் தருவார்கள், 60 நிமிடக் கேசட்டா 90 நிமிடமா என்று பார்த்து அதற்கேற்ப நாங்கள் அடித்துக் கொடுப்போம். 90ஐவிட 60 தான் நல்லது என்று எல்லோருக்கும் சொல்வேன், 90இல் நாடா மெல்லிசு, பிளேயர் தின்றுவிடும். அந்தப் பாட்டுகளுக்கு இசையமைத்தவருக்கோ பாடியவருக்கோ எங்கள் கடையிலிருந்து ஒரு காசும் போனதில்லை. அப்படித்தான் ஒரு தலைமுறை முழுக்க இங்கே பாட்டுக் கேட்டு வளர்ந்தது. அதனால் காப்பி எடுப்பது இன்று நேற்று வந்த பழக்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டைச் சாதாரணமாக அடித்தால் ஒரு மணி நேரம் ஆகும். இரட்டை டெக்கில் வேகமாக அடிக்கலாம், சத்தம் கெடும். காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் ‘உஸ்’ என்ற இரைச்சல் கூடிக்கொண்டே போகும், மூன்றாவது கைக்கு வரும்போது பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருக்கும். அதனால் பாட்டை உண்மையாக நேசிப்பவன் கடைசியில் ஒரிஜினலைத்தான் வாங்கினான். காப்பிக்கு ஓர் எல்லை தானாகவே இருந்தது. இப்போது அந்த எல்லையே இல்லை. ஆயிரமாவது காப்பியும் முதல் காப்பி மாதிரியே இருக்கிறது, ஆயிரம் பேருக்கு அனுப்ப ஒரு தடவை விரலை வைத்தால் போதும். அந்தக் காலத்தை வைத்து இந்தக் காலத்துக்கு நியாயம் சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அதைவிட எனக்கு மனசு தாங்காதது அந்தப் ‘புதுசு 07’ தான். ஒரிஜினல் கேசட் அட்டையை மடித்துப் பிரித்தால் உள்ளே பாடியவர், எழுதியவர், வாத்தியம் வாசித்தவர் பெயரெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பால்மரம் வெட்டுகிறவர்கள் அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் படித்துவிட்டு, “அதே ஆள் வாசித்தது வேறு இருக்கிறதா” என்று கடைக்கு வந்து கேட்பார்கள். நாங்கள் அடித்துக் கொடுத்த காப்பியில்கூடப் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் எழுதித்தான் கொடுப்போம். உங்கள் பையன் காசை மட்டும் எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, பெயரையும் சேர்த்து எடுத்துவிட்டான்.

---

செம்பனை_நிழல் எழுதியது:

அண்ணன்கள் இருவருக்கும் மரியாதையோடு சொல்கிறேன், தடுக்கிற வேலையில் இறங்க வேண்டாம். உலகம் முழுக்கச் செய்து பார்த்துத் தோற்ற வேலை அது.

நெட்டில் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் 1999இல் வந்தது. வந்த வருடமே அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2001இல் அதை மூட வைத்தார்கள். பகிர்வு நின்றதா? கஸா (Kazaa), லைம்வயர், டோரண்ட் என்று வேறு பெயரில் பெருகியது. 2003இலிருந்து தனி ஆட்கள் மேலேயே வழக்குப் போட ஆரம்பித்தார்கள், ஆயிரக்கணக்கில். மினசோட்டாவில் ஒரு பெண்மணிக்கு 24 பாட்டுக்காக 2007இல் 2,22,000 டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் அது 19 லட்சத்து 20 ஆயிரம் டாலராக ஏறி, பிறகு இழுபறியாகி, 2012இல் மேல்முறையீட்டில் பழைய தொகைக்கே வந்து நின்றது. 24 பாட்டுக்கு ஒரு சாதாரணக் குடும்பம் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்ட முடியாத தொகை! இதனால் எந்தப் பாடகர் வீட்டில் அடுப்பு எரிந்தது? 2008 கடைசியில் அவர்களே இந்த வழக்குகளை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். நம் நாட்டிலும் 2011 ஜூனில் பைரேட் பே, மெகாஅப்லோட் உட்படப் பத்துக் கோப்புப் பகிர்வுத் தளங்களை எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) முடக்கச் சொன்னது. கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் (தள முகவரியைத் தேடித் தரும் சேவை) எண்ணை மாற்றிக்கொண்டு ஒரே வாரத்தில் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், நெட்டில் ஃபோரம் படிக்கத் தெரிந்த இடைநிலைப் பள்ளி ஃபாரம் த்ரீ பையன்கூடச் செய்தான்.

டவுன்லோட் பழக்கத்தைக் குறைத்தது போலீஸும் வழக்கும் இல்லை, சுலபமாகவும் மலிவாகவும் கேட்க வழி வந்ததுதான். ஆப்பிளின் ஐடியூன்ஸ் பாட்டுக் கடை அமெரிக்காவில் 2003இல் ஒரு பாட்டு 99 சென்ட் என்று வந்தது. நமக்கு அது எப்போது வந்தது தெரியுமா? 2012. ஸ்பாட்டிஃபை 2013. அதுவரைக்கும் தோட்டத்துப் பையன் சட்டப்படி ஒரு தமிழ்ப் பாட்டை நெட்டில் வாங்க வேண்டுமென்றால் எங்கே போவான்? கடை வைக்காமலே, திருடுகிறாய் என்று அவனைத் திட்டினால் எப்படி? இன்றைக்கும் என் பாட்டியிடம் கார்டு இல்லை, ஆப் இல்லை. பாட்டிக்கு உங்கள் பாட்டு போய்ச் சேர்ந்தது என்றால் அந்தப் பையன் மாதிரி யாரோ ஒருவர் அனுப்பியதால்தான்.

ஸ்ட்ரீமிங்கில் போட்டுச் சம்பாதிக்கலாம் என்றும் ரொம்ப நம்ப வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 2024இலிருந்து, கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டி கணக்கே கிடையாது. சின்னக் குழுவுக்கு எட்டுப் பாட்டில் எத்தனை அந்தக் கோட்டைத் தாண்டும்? ஆகவே பரவட்டும். பரவினால்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்று மட்டும் பழைய_கேசட் அண்ணனோடு ஒத்துப் போகிறேன். போன வருடம் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் குழு தேடியபோது, டெலிகிராமில் வந்த ஒரு பாட்டைக் கேட்டு இவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று கமிட்டியில் எல்லோரும் சொன்னார்கள். யார் வாசித்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைசியில் வேறு குழுவைக் கூப்பிட்டோம். அதனால் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் உங்கள் குழுவின் பெயரையும் ஊரையும் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், பாட்டுக்குள் இருக்கும் குரலை வெட்டியெடுக்கச் சோம்பல்படுவார்கள்.

---

பாகான்_தவில் எழுதியது:

பரவினால் புக்கிங் வரும், பரவினால் புக்கிங் வரும்! வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். பாகான் செராயில் குழு நடத்துகிறோம், அதனால் சொல்கிறேன். ஜொகூரில் ஒருவர் எங்கள் பாட்டை ஆயிரம் தடவை கேட்டாலும் பேராக்கிலிருந்து பதினைந்து பேரை வேன் வைத்துக் கூட்டிப் போக மாட்டார், அந்த வாடகைக்கு அங்கேயே இரண்டு குழு கிடைக்கும். புக்கிங் வருவது சுற்றுவட்டாரத்தில், நம் வாசிப்பைக் கோயிலில் நேரில் பார்த்தவர்களிடமிருந்து. ஆல்பம் போனது நாடு முழுக்க, வேலை வந்தது பழைய இடத்திலிருந்தே. தோல் மாற்றுவது, வேன், ஒரே மாதிரிச் சட்டை, ராத்திரி முழுக்கக் காவடிக்கு வாசித்துவிட்டு மறுநாள் வேலைக்கு லீவு போட்ட சம்பள வெட்டு, இதெல்லாம் அந்தச் சேனல் நடத்துகிறவருக்குத் தெரியுமா?

இன்னொன்று. நாங்கள் சொந்தமாகக் கட்டிய ஒரு பாட்டை அடுத்த தைப்பூசத்தில் வேறு ஒரு குழு எங்கள் கண் முன்னாலேயே பாடிக்கொண்டு போனது. எங்களைவிடக் குறைந்த கூலிக்கு வந்த குழு. கூட்டத்தில் ஒருவர் என்னிடமே வந்து, “நீங்களும் இவர்கள் பாட்டைத்தான் பாடுவீர்களா” என்று கேட்டார். அன்றைக்கு வந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

அதற்காகப் பெட்டியில் பூட்டி வை என்று சொல்ல மாட்டேன். பூட்ட முடியாது, அது எனக்கும் தெரியும். இப்போது நாங்கள் செய்வது இதுதான். இரண்டு பாட்டை நாங்களே முன்கூட்டி யூடியூபில் போட்டுவிடுகிறோம், நல்ல தரத்தில், வாசித்தவர்கள் எல்லோர் பெயரோடும். மற்றதை முன்பணம் கொடுத்தவர்களுக்குத் தைப்பூசத்துக்கு முன் பென்டிரைவில் கொடுக்கிறோம். பங்குனி உத்திரம் முடிந்த பிறகு மொத்தத்தையும் திறந்து விட்டுவிடுகிறோம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உருமிப் பாட்டு விற்பது அந்த இரண்டு மூன்று மாதம்தான், அந்த மாதங்களை மட்டும் எங்களுக்கு விடுங்கள் என்கிறோம். சொல்லிப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் விடுகிறார்கள்.

பாசார் மாலாம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், பேசப் போங்கள். எங்களிடம் மாட்டியவர் எங்களையே சேர்ந்த ஆள், குடும்பம் நடத்தத்தான் அந்தக் கடை. எங்கள் பாட்டை அந்தக் கலவைப் பென்டிரைவிலிருந்து எடுத்துவிட்டு, எங்கள் ஒரிஜினலை வாங்கி விற்று, ஒன்றுக்கு மூன்று வெள்ளி எடுத்துக்கொள்கிறார். அவருக்கும் பயம் இல்லை, எங்களுக்கும் நஷ்டம் இல்லை.

---

சட்டம்_படிப்பவள் எழுதியது:

சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். இது வக்கீல் ஆலோசனை இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.

மலேசியாவில் 1987 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம்தான் அடிப்படை. பாட்டை எழுதி, ரெக்கார்ட் செய்த உடனே உரிமை தானாக வந்துவிடும், பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. ஆனால் மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகம்) விருப்பப்பட்டால் அறிவிப்புப் பதிவு செய்துகொள்ளலாம், பின்னால் யார் முதலில் என்ற தகராறு வந்தால் கையில் ஒரு சான்று இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு என்றால், அந்தப் பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவருக்கு. ஆகவே காசு போட்டு ஏற்பாடு செய்த உங்கள் குழுவுக்கு, ஸ்டுடியோவுக்கு இல்லை, வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர. வாசித்தவர்களுக்கும் தனியாக உரிமை உண்டு. பாட்டு எழுதிக் கொடுத்தவர் உங்கள் குழுவில் இல்லாத ஆள் என்றால் அவரிடம் ஒரு தாளிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது யார் மாட்டுவார்கள் என்பது. உரிமை மீறிய பிரதியை விற்பது, விநியோகிப்பது 41ஆம் பிரிவின்படி குற்றம். ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளிவரை அபராதம், அல்லது ஐந்து வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். வைத்திருப்பதும் குற்றம்தான், ஆனால் ‘சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல்’ வைத்திருந்தால் என்று அந்த உட்பிரிவிலேயே இருக்கிறது. அதாவது பென்டிரைவில் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டி வீட்டுக் கதவை யாரும் தட்டப் போவதில்லை. கடைக்காரர் நிலைமை வேறு. சேனலில் ஏற்றிய பையனும் உரிமையாளருக்கு மட்டுமே உள்ள ஒரு வேலையை அனுமதியில்லாமல் செய்திருக்கிறான், காசு வாங்கவில்லை என்பது அதை நியாயமாக்காது.

நடைமுறையில் முதலில் டெலிகிராமிலேயே உரிமை மீறல் புகார் கொடுக்கலாம், அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்திலும், அந்தக் கோப்பைத் தன் சர்வரில் வைத்திருக்கும் சேவை நிறுவனத்துக்கு முறையாக நோட்டீஸ் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 43எச் பிரிவு இருக்கிறது. கடைக்காரர் விஷயத்துக்கு உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவு. பாகான்_தவில் அண்ணன் சொன்னபடி முதலில் பேசிப் பார்ப்பதுதான் எனக்கும் பிடித்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு தவறான செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பம் பற்றி ஒரு பிரிவு சேர்த்தார்கள், 20 வருடம்வரை சிறை என்பது அதில்தான். திருட்டு ஸ்ட்ரீமிங் பெட்டி, ஆப் இவற்றைத் தயாரித்து விற்கிறவர்கள், வழங்குகிறவர்கள் மேல் அது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவருக்கு இருபது வருடம் என்று சொல்லிப் பயமுறுத்துவது பொய்.

கடைசியாக ஒரு கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள் அண்ணா. எட்டுப் பாட்டின் மெட்டும் உங்களுடையதா? உருமி ஆல்பங்களில் சினிமா மெட்டில் சாமி பாட்டு எழுதிப் போடுவது சகஜம். அப்படி இருந்தால் அந்தப் பாட்டை வைத்துப் புகார் கொடுக்கும்போது அந்த மெட்டுக்கு அனுமதி வாங்கினீர்களா என்ற கேள்வி உங்களையே திரும்பிப் பார்க்கும். இசையமைத்தவர் உரிமை தனி, பாடியவர் உரிமை தனி. 2017இல் எஸ்.பி.பி. கச்சேரிகளுக்கே இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

---

உருமி_சிப்புட் எழுதியது:

கோபம் எதற்கு தங்கச்சி, கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு பாட்டு சினிமா மெட்டு. ஒன்று அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து. மற்ற ஐந்தும் எங்கள் குழுத் தலைவரின் அப்பா எழுதி, அவரே மெட்டுப் போட்டது. அவர் தோட்டத்தில் இருந்த காலத்தில் கோயில் திருவிழாவுக்காகக் கட்டிய பாட்டுகள் அவை, இதுவரை ரெக்கார்ட் ஆனதே இல்லை. எழுபத்தெட்டு வயது அவருக்கு. பாட்டு கைப்பேசியில் வந்ததைக் கேட்டுவிட்டு, “என் பேர் எங்கேய்யா?” என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்ல என்று தெரியாமல்தான் இங்கே எழுதினேன்.

காவடிச் சிந்துக்கும் சிக்கல் உண்டா?

---

சட்டம்_படிப்பவள் எழுதியது:

இல்லை. நம் நாட்டில் எழுதியவர் ஆயுளும் அதற்கு மேல் 50 வருடமும்தான். ரெட்டியார் போன நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டுக்காரர், பாட்டு எல்லோருக்கும் சொந்தம். ஆனால் நீங்கள் வாசித்த அந்தப் பதிவு உங்களுடையது. அதை அப்படியே எடுத்து விற்க இன்னொருவருக்கு உரிமை இல்லை, அவர்கள் வேண்டுமானால் தாங்களே பாடிப் பதிவு செய்துகொள்ளட்டும்.

பெரியவரின் ஐந்து பாட்டுகளுக்கு அவர் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதே சட்டத்தில் தனியாக ஒரு மீறல். உரிமையை விற்றாலும் கொடுத்தாலும், ஆக்கியவர் யார் என்று சொல்லப்பட வேண்டிய உரிமை அவரிடமே இருக்கும். மைஐபிஓ அறிவிப்புக்கு அந்த ஐந்தையும் முதலில் கொடுங்கள்.

---

லயத்து_மகள் எழுதியது:

கேட்கிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும். என் அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இப்போது முட்டி வலி, வீட்டோடு இருக்கிறார். சமையல்கட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதன் பின்னால் பென்டிரைவ் செருகிவிட்டால் நாள் முழுக்கப் பாடும். அந்தப் பென்டிரைவ் பாசார் மாலாமில் வாங்கியதுதான். எனக்குச் சம்பளம் வருகிறது, கலைஞருக்குப் போகும் என்றால் இரண்டு மடங்கு கொடுத்துக்கூட வாங்குவேன். யாரிடம் கொடுப்பது? டவுனில் கேசட் கடையெல்லாம் கைப்பேசிக் கடையாகிவிட்டது. உங்கள் ஆல்பம் வந்ததே இந்தப் பதிவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும், இத்தனைக்கும் நான் இதே ஊர். 15 வெள்ளிப் பென்டிரைவ் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் இன்னும் இங்கேகூட எழுதவில்லை. கோயில் வாசலில், காய்கறிக் கடையில், முடிவெட்டும் கடையில் வையுங்கள். வாங்க ஆள் இருக்கிறது.

அப்புறம், பகிர்கிறவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் தொண்ணூறுகளில் ஒரு பஜனைக் குழு இருந்தது. அவர்களே ஒரு கேசட் போட்டார்கள், இருநூறு முந்நூறு அடித்திருப்பார்கள். தோட்டத்தைத் துண்டாடி விற்றதும் ஆட்கள் கிள்ளான், சிரம்பான், பினாங்கு என்று சிதறிப் போனார்கள். அந்தப் பாட்டு இப்போது எந்தக் கடையிலும் இல்லை, எந்த ஆப்பிலும் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் பூசணம் பிடித்த கேசட்டிலிருந்து நான்கு பாட்டை மாற்றி இலவசமாக ஏற்றியதால்தான் அம்மா தன் அக்காள் குரலை முப்பது வருடம் கழித்துக் கேட்டார். பெரியம்மா இப்போது இல்லை. அன்றைக்கு அம்மா ஸ்பீக்கரை அணைக்கவே விடவில்லை. அதை ஏற்றியவரைத் திருடன் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் வெளிவந்து, விற்பனையில் இருக்கும் உங்கள் ஆல்பத்தைக் கேட்காமல் எடுத்து ஏற்றுவது வேறு. ஆளும் இருக்கிறார், போன் நம்பரும் இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டையும் ‘ஷேரிங்’ என்று ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் இந்தச் சண்டை முடிய மாட்டேன் என்கிறது.

---

செம்பனை_நிழல் எழுதியது:

அக்கா சொன்னது யோசிக்க வைக்கிறது. தடுப்பது வீண் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தத் தாத்தா பெயர் எங்கே என்று கேட்டார் என்று படித்த பிறகு, விளம்பரம் என்று அந்தப் பையன் சொல்வதை என்னாலும் ஏற்க முடியவில்லை. பெயர் இல்லாமல் எதற்கு விளம்பரம்?

காசு கொடுக்க நினைப்பவர்களுக்கு வழி வேண்டும் என்றால், கலைஞர்களே நேராகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தைப் பாருங்கள். குறைந்தபட்ச விலையை நீங்களே வைக்கலாம், பூஜ்யம்கூட வைக்கலாம், அதற்கு மேல் விருப்பப்பட்டவர் கொடுக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு அவர்கள் எடுப்பார்கள், பணம் அனுப்பும் கட்டணம் தனி. கார்டு இல்லாத உள்ளூர் ஆட்களுக்கு வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் டியூட்நவ் கியூஆர் ஒன்றைப் பென்டிரைவ் அட்டையிலும் யூடியூப் விளக்கத்திலும் போடுங்கள். அட்டையை வடிவமைக்க ஆள் வேண்டுமென்றால் நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

---

உருமி_சிப்புட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவில் உட்கார்ந்து பேசினோம், சத்தம் போட்டோம், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். சினிமா மெட்டுப் பாட்டு இரண்டையும் விற்பனையிலிருந்து எடுத்துவிடுகிறோம். காவடிச் சிந்தையும் பெரியவரின் ஒரு பாட்டையும் நாங்களே நல்ல தரத்தில் யூடியூபில் இலவசமாகப் போடுகிறோம், தொடக்கத்தில் தலைவரே பெயர், ஊர் சொல்லிப் பேசியதை ஒட்டிவிட்டோம். மற்ற நான்கும் பங்குனி உத்திரம் வரைக்கும் விற்பனை, பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுவது. தவில் தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவன் திறந்துவிடவே கூடாது என்றான். முதலில் வருகிற பணத்தில் அவனுடைய தவணைக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பங்கு என்று எழுதி வைத்திருக்கிறோம்.

ஏற்றிய பையனைத் தலைவர் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பெரியவர் முன்னால் உட்கார வைத்தோம். யாரும் திட்டவில்லை. பெரியவர் அந்த ஐந்து பாட்டையும் எப்போது, எந்தத் திருவிழாவுக்குக் கட்டினார் என்று சொல்லிக்கொண்டே போனார், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பழைய கோப்புகளை எடுத்துவிட்டு யூடியூப் இணைப்பையும் வாங்குகிற இடத்தையும் சேனலில் போட்டிருக்கிறான். ஏற்கெனவே போனவை போனவைதான், உங்கள் யாரிடமாவது ‘புதுசு 07’ இருந்தால் பெயரை மட்டுமாவது மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாசார் மாலாம் கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமை பேசப் போகிறோம். லயத்து_மகள் அக்கா, மார்க்கெட் பக்கத்துப் பூக்கடையில் இன்று காலையிலிருந்து பென்டிரைவ் கிடைக்கிறது.

பழைய_கேசட் அண்ணே, உங்களிடம் டெக் இன்னும் இருக்கிறதா? அக்கா சொன்ன பஜனைக் குழுக் கேசட் மாதிரி எங்கள் பெரியவரிடமும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

---

பழைய_கேசட் எழுதியது:

இரண்டு டெக் இருக்கிறது, ஒன்றுக்கு பெல்ட் மாற்ற வேண்டும். பூசணம் பிடித்த கேசட்டை அப்படியே போட்டு ஓட்டிவிடாதீர்கள், ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும், நாடா அறுந்தாலும் அறுந்துவிடும். வெயிலில் காயவும் வைக்க வேண்டாம். உறையோடு ஒரு டப்பாவில் போட்டு ஞாயிறு காலை எடுத்து வாருங்கள். முதலில் நான் சுத்தம் செய்து, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் ஓட்டலாம். பெரியவரும் கூட வரட்டும் தம்பி, யார் யார் பாடியது, யார் வாசித்தது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ள வேண்டும்.